எங்கள் வானத்தில் கண் தெரியாத ஏவுகணை

என் வீட்டுக்காரரை நான் வெள்ளிக்கிழமை சாயந்தரங்களில் சுடுவேன். அவர் கட்டாரில் இருக்கிறார், நான் இலங்கையில் யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருக்கிறேன், எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு இருக்கிறது. பழைய காலத்துச் சண்டை விமானங்களை ஓட்டும் விளையாட்டு. அவர் ஒரு விமானத்தில் ஏறுவார், நான் ஒன்றில் ஏறுவேன். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, புருஷன் பெண்டாட்டி பேசுகிற எல்லாவற்றையும் பேசிக்கொண்டே ஒருவரை ஒருவர் துரத்துவோம்.

கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர் போன முதல் வருஷம் நாங்கள் போனில் பேசிய பேச்சை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். நீங்க?"

"ம். அங்க மழையா?"

"மழதான்."

"சரி, வச்சிர்றேன்."

இதைக் கேட்கவா ஒரு மனுஷன் கடல் தாண்டிப் போனார்? போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர் அங்கே ஏசி மெக்கானிக். கல்யாணத்துக்கு முன்னால், சம்பளம் வாங்கிய கையோடு பஜாரில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குள் நுழைந்தால் கடையைச் சாத்தும்போதுதான் வெளியே வருவாராம். விமானம் ஓட்டுகிற பைத்தியம். பெண் பார்க்க வந்த அன்றைக்கே மாமியார் இந்தக் குறையைச் சொல்லிவிட்டார், பிறகு தன்மேல் பழி வரக்கூடாது என்று. கட்டாருக்குப் போகும்போது தன்னுடைய பழைய கம்ப்யூட்டரை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். ஒருநாள் போனில் வழக்கமான கேள்விகள் தீர்ந்த பிறகு, "அந்தக் கேம் அதுலதான் இருக்கு புள்ள, இங்க என் லேப்டாப்லயும் போட்டிருக்கேன். நீயும் ஒரு தடவ ஏறிப் பாரேன்" என்றார். ஏறினேன். முதல் மாதம் முழுக்க ஓடுபாதையை விட்டு எழும்பவே எனக்கு வரவில்லை. வேலியில் இடித்தேன், மரத்தில் இடித்தேன், ஒருமுறை நின்றுகொண்டிருந்த அவருடைய விமானத்திலேயே இடித்தேன். அவர் சிரித்த சிரிப்பில் அங்கே அறையில் தூங்கிக்கொண்டிருந்த ஆள் எழுந்து திட்டினாராம்.

நான் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுக்குப் பொறுப்பு. தாய்மார் ரப்பர் பால் வெட்டவும் தேயிலைக் கொழுந்து பறிக்கவும் போகும்போது பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். எங்களுக்கென்று பிள்ளை இல்லை. ஆனால் நாள் முழுக்க 'ஏன்? ஏன்?' என்று கேட்கிற பிள்ளைகளோடு இருந்து இருந்து அந்த வியாதி எனக்கும் தொற்றிவிட்டது. விமானம் ஏன் திரும்பும்போது கீழே இறங்குகிறது, ஏன் மெதுவாகப் போனால் விழுகிறது என்று நான் கேட்கக் கேட்க அவருக்குச் சந்தோஷம். இத்தனை வருஷமும் அவரை யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

விளையாட்டை நடத்துவது என் கம்ப்யூட்டர். தொடங்கும்போது வானம் எப்படி இருக்க வேண்டும் என்று அது கேட்கும். முதல் நாள் அவரிடம் கேட்டேன்.

"நம்ம ஊர் வானத்த வையி. இங்க வானத்துல ஒன்னுமே இல்ல புள்ள, பாத்துப் பாத்துக் கண்ணு எரியுது" என்றார்.

அது எனக்குத் தெரிந்த காரியம். மேகத்தை அடுக்கடுக்காக வைத்தேன். காற்றில் ஈரத்தைக் கூட்டினேன். தூரத்தில் கொஞ்சம் மழையும், மலை இடுக்கில் கொஞ்சம் பனிமூட்டமும். எங்கள் வாசலில் நின்று பார்த்தால் எப்படியோ அப்படி வந்ததும் நிறுத்தினேன். அவர் அதற்குள் பறந்து பார்த்துவிட்டு, "மழ வாசமே வருது" என்றார். அதற்குப் பிறகு அந்த வானத்தை நாங்கள் மாற்றவில்லை.

இந்த வருஷம் அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவதா, வந்துவிடுவதா என்று மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். டவுனுக்கு வெளியே ஒரு துண்டுக் காணியில் எங்கள் வீடு சுவர் மட்டத்தில் நிற்கிறது, கூரை போடவில்லை. நான் வாங்க என்பேன், அவர் கூரை என்பார். நான் அழுவேன், அவர் பேசாமல் இருப்பார். பேசாமல் இருக்கிற ஆளோடு எப்படிச் சண்டை போடுவது? ஒரு வெள்ளிக்கிழமை பறந்துகொண்டிருக்கும்போது மறுபடியும் கேட்டேன். அவர் சிரித்து மழுப்பப் பார்த்தார்.

"சரி, ஒன்னு செய். அந்தப் பழைய மிசைல்ல என்னைய ஒரு தடவ அடிச்சுக் காட்டு. அடிச்சிட்டீன்னா நான் சைன் வைக்கல, ப்ளேன் ஏறிர்றேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. துப்பாக்கில இல்ல, மிசைல்ல."

அவர் ஏன் அவ்வளவு தைரியமாகச் சொன்னார் என்று சொல்ல வேண்டும். எங்கள் விமானங்களில் இருப்பது சூட்டைத் தேடிப் போகிற ஏவுகணையின் முதல் தலைமுறை. அதுவரை நாங்கள் விட்டதில் ஒன்றுகூடப் பட்டதில்லை. அவர் விட்டது மலையில் போய் இடிக்கும், நான் விட்டது எங்கேயோ வானத்தைப் பார்த்துப் போகும். கடைசியில் இரண்டு பேரும் துப்பாக்கிக்கே வந்துவிடுவோம். ஏவுகணை சும்மா அழகுக்குச் சிறகில் தொங்கும். அதனால்தான் மனுஷன் கூசாமல் சத்தியம் செய்தார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ரோஷத்தோடு சேர்ந்து அந்தப் பழைய கேள்வியும் வந்தது. ஏன் படுவதில்லை?

மறுநாளே தனியாக உட்கார்ந்து ஆராய்ச்சியைத் தொடங்கினேன். கம்ப்யூட்டரே ஓட்டுகிற ஒரு விமானத்தை நேராகப் போகவிட்டு, பின்னாலேயே போய் விட்டுப் பார்த்தேன். இந்த ஏவுகணையின் மூக்கில் ஒரு கண் இருக்கிறது. அந்தக் கண்ணுக்கு விமானம் தெரியாது, நிறம் தெரியாது, சூடு மட்டும்தான் தெரியும். அதுவும் எஞ்சினுக்குப் பின்னால் பழுத்துக் கிடக்கிற குழாயின் சூடு மாதிரி பெரிய சூடாக இருக்க வேண்டும். எதிரே வருகிற விமானத்தை அதற்குக் காட்டவே முடியாது. பின்னால் போய், வாலுக்கு நேரே மூக்கைப் பிடித்தால் ஹெட்செட்டில் ஒரு உறுமல் கேட்கும். உறுமல் ஏறினால் கண் எதையோ பிடித்துவிட்டது என்று அர்த்தம். எதைப் பிடித்தது என்று மட்டும் சொல்லாது.

அந்த 'எதையோ'வில்தான் எனக்கு ஆசை பிடித்தது. சூரியன் இருக்கிற பக்கம் மூக்கைத் திருப்பினால் உறுமல் காதைப் பிளந்தது. அதற்குச் சூரியனும் ஒன்றுதான், என் வீட்டுக்காரரும் ஒன்றுதான். வெயில் பட்ட மேகத்தின் ஓரத்துக்கும் உறுமியது. சுட்டுக்கிடக்கும் கற்பாறைக்கும் உறுமியது. பல் முளைக்கிற பிள்ளை கையில் அகப்பட்டதையெல்லாம் வாயில் வைப்பது போலத்தான் அது. எனக்கு அதன்மேல் கோபம் போய் ஒரு பாசமே வந்துவிட்டது.

ஹெட்செட் ஒரு நாள் மக்கர் செய்ததால் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா, பால் வெட்டப் போகிறவர், கதவுக்குள் தலையை நீட்டினார்.

"என்னடி இது, வீட்டுக்குள்ள கடுவன் பூனைய அடச்சு வச்சிருக்கியா?"

"இல்லக்கா, மிசைலு. அது எங்க வீட்டுக்காரரத் தேடுது."

"அவருதான் கட்டார்ல இருக்காரே!"

"அதான்க்கா பிரச்சினையே."

அக்கா கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். பந்தயத்தைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. போகும்போது மட்டும், "அடிச்சிருடி, எப்படியாவது அடிச்சிரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்னொரு நாள் நான் பஸ்ஸில் வரும்போது வீட்டுக்காரர் கட்டாரிலிருந்து போன் எடுத்தார். நானும் பித்துப் பிடித்தவள் மாதிரி, "மிசைல எப்ப விடணும்னு கண்டுபிடிச்சிட்டேங்க, திரும்பும்போது விட்டா விழுந்துரும், நேரா போகும்போதுதான் விடணும்" என்று தமிழில் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டு அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். எங்கள் பக்கம் தமிழ் கொஞ்சம்தான், மிசைல் என்ற சொல் எல்லாப் பாஷைக்கும் பொது. யுத்தம் நடந்த நாட்டில் தமிழில் இப்படிக் கத்தினால் என்ன நினைப்பார்கள்? போனைப் பொத்திக்கொண்டு, "ஆன்டி, மே கேம் எகக்" என்று, இது வெறும் விளையாட்டுதான் என்று, சிங்களத்தில் சொல்லி, திரையில் இருந்த விமானப் படத்தையும் காட்டினேன். அவர் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுப் பார்த்தார். பிறகு தன் மகனும் இப்படித்தான், போனை வைத்துக்கொண்டு சோறே தின்பதில்லை என்று குருக்கள் போல நீளமாகப் பிரசங்கம் வைத்தார். அதற்குப் பிறகு பஸ்ஸில் ஏறினால் நான் மிசைலை 'அது' என்றுதான் சொல்வேன்.

எல்லாம் தெரிந்தும் படவில்லை. நேராகப் போகும்போது விட்டேன், சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு விட்டேன், கிட்டப் போய் விட்டேன். உறுமல் பாதியில் அறுந்துபோகும், ஏவுகணை குருட்டுத்தனமாக எங்கேயோ போகும். அடுத்த வெள்ளிக்கிழமையும் இப்படியே போனது. மாதம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான். இது விளையாட்டைச் செய்தவர்களின் பிழை என்று முடிவு கட்டினேன்.

இந்த விளையாட்டை ஆடுகிறவர்கள் கூடிப் பேசுகிற ஒரு இணையதளம் இருக்கிறது. அங்கே இந்த ஏவுகணையைப் பற்றித்தான் ஓயாத சண்டை. உண்மையான ஏவுகணை இதைவிட நன்றாகப் பட்டது என்று ஒரு கூட்டம், இதைவிட மோசம் என்று இன்னொரு கூட்டம். அதில் ஒருவர் எழுதியிருந்தது எனக்குப் பிடித்தது. பழைய விளையாட்டுகளில் ஏவுகணையை விட்டதும் கம்ப்யூட்டர் உள்ளுக்குள் தாயம் உருட்டிப் பார்க்குமாம்; விழுந்தால் பட்டது, விழாவிட்டால் படவில்லை, அவ்வளவுதான். இந்த விளையாட்டு அப்படியில்லை, காற்று, சூடு, சூரியன் எல்லாவற்றையும் கணக்கெடுக்கிறது என்று எழுதியிருந்தார். தாயம் என்றால் அதிர்ஷ்டத்தைத் திட்டலாம். இது தாயம் இல்லை என்றால் என் பிழை எங்கே?

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஒரு புகார் எழுதினேன். உங்கள் ஏவுகணை வேலை செய்யவில்லை, நான் எல்லாம் ஒழுங்காகத்தான் செய்கிறேன், வேண்டுமானால் பாருங்கள் என்று ஒரு வீடியோவையும் சேர்த்துப் போட்டேன். கொஞ்சம் காரமாகத்தான் எழுதிவிட்டேன்.

காலையில் பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சிக்கொண்டே போனைப் பார்த்தால் பதில்கள் குவிந்து கிடக்கின்றன. நீங்கள் ஏன் மேகத்துக்குள் சண்டை போடுகிறீர்கள் என்று ஒருவர். இந்தக் காலநிலையில் எந்தப் படையும் விமானத்தை வெளியே எடுக்காது என்று ஒருவர். இன்னொருவர், இது என்ன புயலா என்று கேட்டிருந்தார்.

எனக்கு வந்ததே கோபம். புயலா? அது எங்கள் ஊரில் நல்ல நாள்! துணி காயப்போடுகிற நாள்! பால் பொங்கி அடுப்பில் வழிந்ததையும் கவனிக்காமல் நான்கு வரி பதில் எழுதினேன். எழுதிவிட்டு, அனுப்புவதற்கு முன்னால், ஜன்னலால் வெளியே பார்த்தேன். எதிர் மலை பாதிக்கு மேல் இல்லை. ரப்பர் மரங்களுக்கு நடுவால் வெள்ளையாக ஏதோ நகர்ந்துகொண்டிருந்தது. தாய்மார் விட்டுப்போன குடைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற வானம் அதுதான். அதை மேகம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை, வானம் என்றுதான் தோன்றியிருக்கிறது.

காற்றில் இருக்கிற ஈரம் சூட்டை விழுங்கிவிடும். மேகம் நடுவில் வந்தால் அந்தக் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. விளையாட்டு உள்ளதை உள்ளபடி காட்டியிருக்கிறது. நாங்கள்தான் யட்டியாந்தோட்டை வானத்தை வைத்துக்கொண்டு, அந்தப் பாவப்பட்ட பொருளைக் குருடு குருடு என்று இத்தனை நாளும் திட்டியிருக்கிறோம். எழுதிய நான்கு வரியையும் அழித்துவிட்டு 'நன்றி' என்று மட்டும் போட்டேன். அன்றைக்குப் பகல் முழுக்க எனக்குச் சிரிப்பு. பிள்ளைகள் ஏன் டீச்சர் சிரிக்கிறீங்க என்று கேட்டுக் கேட்டு அவர்களும் சிரித்தார்கள்.

சாயந்தரம் அவரிடம் சொன்னேன். அவரும் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு நான் கேட்டேன்.

"அப்ப மேகத்த எடுத்துரவா?"

சிரிப்பு நின்றது. "வேணாம். இருக்கட்டும்" என்றார்.

அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் இருண்டுபோனது. மேகம் இருந்தால் நான் ஜெயிக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தே வேண்டாம் என்கிறார். அப்படியென்றால் கையெழுத்துப் போடப் போகிறார், இன்னும் இரண்டு வருஷம். நான் சண்டை போடவில்லை. "சரி" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அந்த வாரம் அவர் போன் எடுத்தபோதெல்லாம் பழைய நான்கு கேள்விக்குத்தான் பதில் சொன்னேன். அவரும் வேறு எதுவும் கேட்கவில்லை.

மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை வந்தது. விளையாடப் போவதில்லை என்றுதான் இருந்தேன். அவர்தான் திரும்பத் திரும்பப் போன் எடுத்தார். வேண்டாவெறுப்பாக ஹெட்செட்டை மாட்டினேன்.

"புள்ள, இன்னைக்கு மேகத்த எடுத்துரு" என்றார்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. என் வாழ்க்கையில் ஏன் என்று கேட்காமல் செய்த காரியம் அது ஒன்றுதான். ஒவ்வொன்றாகக் குறைத்தேன். மழை போனது, மூட்டம் போனது, மேகம் போனது. கழுவி வைத்த தட்டு மாதிரி வெறும் நீலம் மட்டும் மிஞ்சியது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஏறினோம். வழக்கமாக நான் பின்னால் வருகிறேன் என்று தெரிந்த உடனே அவர் சுழன்று என் பின்னால் வந்துவிடுவார். அன்றைக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தார். நான் பின்னால் போனேன். அப்போதும் நேராகத்தான் போனார். சூரியன் எனக்கு முதுகுப் பக்கம். உறுமல் தொடங்கி ஏறிக்கொண்டே வந்தது, அறுபடவில்லை. விரலைப் பொத்தானில் வைத்தேன், அழுத்தவில்லை.

"திரும்புங்க" என்றேன்.

"ஏன்?"

"இப்படிப் போனா பச்சப் புள்ளகூட அடிச்சிரும்."

"அடியேன்."

"ஏங்க, உங்களுக்கு வரணும்னு இருக்கா?"

அவருடைய விமானம் இன்னும் நேராகவே போனது.

"கேக்குறேன்ல. இருக்கா இல்லையா?"

"கூரை போடாம வந்து நின்னா எல்லாரும் என்ன கேப்பாங்க? ஏன் பாதியில வந்தன்னு கேப்பாங்க. எனக்கு இங்க முடியல புள்ளன்னு நான் யார்கிட்டச் சொல்றது?"

"என்கிட்டச் சொல்லலாம்ல!"

"இப்பச் சொல்றேன்ல" என்றார். குரல் உடைந்திருந்தது. "நீ சுடு. பந்தயத்துல தோத்துட்டேன், அதான் வந்தேன்னு சொல்லிக்குவேன். சுடு."

இத்தனை நாளும் நான் வாங்க வாங்க என்று இழுத்தது எவ்வளவு பாரமாக இருந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. அவருடைய விமானத்தின் பின்னால் திடீரென்று நீளமாக நெருப்பு கக்கியது. அதிவேகத்துக்குப் போடுகிற நெருப்பு அது. உறுமல் அலறலாக மாறியது. நான் அழுத்தினேன்.

ஏவுகணை சிறகை விட்டுக் கிளம்பி, வெள்ளைப் புகையை இழுத்துக்கொண்டு, கோடு போட்ட மாதிரி அவருடைய வாலுக்கு நேரே போனது. முதன்முறையாக நேராகப் போகிறது! "போ, போ, போ" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு அக்காவும் கதவடிக்கு ஓடி வந்துவிட்டார். புகை நின்றது. ஏவுகணை இன்னும் போய்க்கொண்டுதான் இருந்தது, ஆனால் அவர் அதைவிட வேகமாகப் போய்க்கொண்டிருந்தார். நடுவில் இருந்த இடைவெளி சுருங்குவது நின்று, விரிந்தது. அது மெல்லத் தலையைக் கவிழ்த்து, கீழே காட்டுக்குள் போய் விழுந்தது.

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. "ஏங்க அந்த நெருப்பப் போட்டீங்க? அதால தானே வேகம் கூடிச்சு! மிசைலோட மருந்து ரெண்டு நொடிதான் எரியும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"அதுக்கு நல்லாத் தெரியட்டும்னுதான் புள்ள போட்டேன்" என்றார் அவர், பாவமாக.

என்னிடம் இன்னும் ஒரு ஏவுகணை இருந்தது, அவரை எட்டிப் பிடிக்க வேகத்தைக் கூட்டினேன். அப்போது முன்னால் தூரத்தில் போய்க்கொண்டிருந்த அவருடைய விமானம் நெருப்பை அணைத்தது, மூக்கைச் சாய்த்தது, அப்படியே சாய்ந்துகொண்டே போனது. நான் பெயர் சொல்லிக் கூப்பிட வாயெடுப்பதற்குள் கீழே மலைச்சரிவில் மோதிப் புகை எழுந்தது. திரையின் மேல் மூலையில் விளையாட்டு நடந்ததை நடந்தபடி எழுதிக் காட்டியது: யாரும் சுடவில்லை, ஓட்டியவர் தானாகவே தரையில் மோதினார்.

"பாத்தியா, அடிச்சிட்ட" என்றார்.

அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு, பட்டுச்சா, பட்டுச்சா என்று கேட்டார்.

"ஆமாக்கா, அடிச்சிட்டேன்" என்றேன். ஹெட்செட் மைக்கை வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்காரரிடம் சொன்னேன், "நாளைக்கே ஆபீஸ்ல போய் சைன் வைக்கலன்னு சொல்லிருங்க."